"மைக்ரோசொவ்ற்றிலை இருந்து கதைக்கிறம்": வாற கோலை எப்பிடிப் பிடிக்கிறது, இலக்கத்தைக் குடுத்திட்டால் என்ன செய்யிறது?

#1 சுன்னாகத்தான்

வேற வேற இழையளிலை சிதறிக் கிடக்கிறதை ஒரு இடத்திலை சேப்பம் எண்டு தொடங்கிறன். மூண்டு கேள்வி திரும்பத் திரும்ப வருது. திரை முழுக்கச் சிவப்பாகி "உங்கள் கணினி பூட்டப்பட்டுள்ளது, இந்த இலக்கத்துக்கு எடுங்கள்" எண்டு நிண்டால் என்ன செய்யிறது? கோல் எடுக்கிறவன் எங்கடை கொம்பியூட்டரிலையே காட்டுற பிழையள் உண்மையோ? எனிடெஸ்க் (தூரத்திலை இருந்து கொம்பியூட்டரை இயக்க விடுற செயலி) இலக்கத்தைச் சொல்லிப்போட்டால் அடுத்த பத்து நிமிசத்துக்குள்ளை என்ன செய்யோணும்?

தெரிஞ்ச ஆக்கள் விவரமா எழுதுங்கோ. "கவனமா இருங்கோ" எண்டு மட்டும் எழுதுறதெண்டால் வேண்டாம்.

#2 விசைப்பலகை

சிவப்புத் திரையிலை தொடங்குவம். அது வைரஸ் இல்லை, வெறும் இணையப் பக்கம். விளம்பரத்தாலையோ எழுத்துப் பிழையாத் தட்டின முகவரியாலையோ வந்திருக்கும்.

உலாவியளிலை ஒரு விதி இருக்கு. ஆள் ஒருக்கா எண்டாலும் கிளிக் பண்ணாமல் எந்தப் பக்கமும் முழுத்திரைக்குப் போகேலாது. வழமையா சத்தமும் போடேலாது. அதாலைதான் முதலிலை "ஸ்கான் முடிந்தது" எண்டு சின்னப் பெட்டி ஒண்டு வரும். அதிலை "சரி"யை அமத்தினாலும் ஒண்டுதான், மூலையிலை இருக்கிற பெருக்கல் குறியை அமத்தினாலும் ஒண்டுதான். அவங்களுக்குத் தேவைப்பட்ட கிளிக் கிடைச்சிட்டுது. உடனை பக்கம் முழுத்திரைக்குப் போகும், உண்மையான முகவரிப் பட்டை மறையும், அந்த இடத்திலை முகவரிப் பட்டை மாதிரி ஒரு படம் நிக்கும். எலிக்குறி காணாமல் போகும். ஒரு குரல் "கணினியை அணைக்க வேண்டாம்" எண்டு ஆங்கிலத்திலை சுத்திச் சுத்திச் சொல்லும்.

மூடுறதுக்கு முதல் வழி: எஸ்கேப் விசையைத் தட்டாதையுங்கோ, ரெண்டு மூண்டு செக்கன் அமத்திப் பிடியுங்கோ. விசைப்பலகையைப் பக்கம் தன்ரை கையிலை எடுத்திருந்தால் ஒரு தட்டு அதுக்குத்தான் போகும், அமத்திப் பிடிச்சால்தான் உலாவிக்குப் போகும். சரிவராட்டி கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூண்டையும் ஒண்டா அமத்துங்கோ. இந்தச் சேர்க்கையை வின்டோஸ் தானே வாங்கும், எந்த இணையப் பக்கத்தாலையும் மறிக்கேலாது. வாற பட்டியலிலை ராஸ்க் மனேஜர், அதுக்குள்ளை உலாவியின்ரை பேர், என்ட் ராஸ்க். மக் எண்டால் கொமாண்ட், ஒப்ஷன், எஸ்கேப்.

பக்கத்திலை உங்கடை ஐபி இலக்கமும் இணையக் கம்பனியின்ரை பேரும் நிண்டால் பயப்பிட வேண்டாம். நீங்கள் திறக்கிற எல்லாத் தளத்துக்கும் ஐபி தெரியும், இல்லாட்டி அது உங்களுக்குப் பக்கத்தையே அனுப்பேலாது. யாழ்ப்பாணத்திலை இருந்து பாக்கிற ஆளுக்கு ஊர் எண்ட இடத்திலை பெரும்பாலும் கொழும்பு எண்டுதான் காட்டும். உண்மையிலையே ஆராவது உள்ளுக்கு வந்திருந்தால் கோண்டாவில் எண்டு தெரிஞ்சிருக்கோணுமே.

முகவரியைப் பாத்து முடிவெடுக்கிறவைக்கும் ஒரு சொல். இந்தப் பக்கங்களைக் கனபேர் மைக்ரோசொவ்ற்றின்ரை அசூர் எண்ட இணையச் சேமிப்பிலையே வாடகைக்கு ஏத்தி வைக்கிறாங்கள். அப்ப முகவரி "வின்டோஸ்.நெற்" எண்டு முடியும், பூட்டுக் குறியும் இருக்கும். உண்மையான டொமெய்ன்தான், உள்ளுக்கு இருக்கிறதுதான் பொய். அதாலை முகவரியை விட்டிட்டுத் தொலைபேசி இலக்கம் இருக்கோ எண்டு பாருங்கோ. தங்கடை பிழைச் செய்தியளிலையும் எச்சரிக்கையளிலையும் ஒருக்காலும் தொலைபேசி இலக்கம் வராது எண்டு மைக்ரோசொவ்ற்றே சொல்லுது. வின்டோஸ் 10இன்ரை ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடை முடிஞ்சதைச் சாட்டி வாற பெட்டியளுக்கும் இதே சோதினைதான்.

#3 கொக்குவில் ரீச்சர்

நன்றி. ரெண்டு சந்தேகம். மூடிப்போட்டுத் திரும்பத் திறக்க அதே பக்கம் வந்தால்? போனிலை வந்தால் ராஸ்க் மனேஜர் இல்லையே, அதுக்கு என்ன செய்யிறது?

#4 விசைப்பலகை

ரீச்சர், மூடினாப் பிறகு "பக்கங்களை மீட்கவா" எண்டு குரோம் கேக்கும். வேண்டாம் எண்டு விடுங்கோ. "விட்ட இடத்திலிருந்து தொடர்" எண்டு ஏற்கனவே போட்டு வைச்சிருந்தால் கேக்காமலே திறக்கும். அப்பிடியெண்டால் ரவுட்டரை நூத்துப்போட்டு உலாவியைத் திறவுங்கோ, நெற் இல்லாததாலை பக்கம் ஏறாது, அந்தத் தாவலை மூடிப்போட்டு நெற்றைப் போடுங்கோ.

அன்ட்ரொய்ட்டிலை அண்மைச் செயலியள் பட்டியலுக்குப் போய் உலாவியைத் தள்ளி மூடி, பேந்து குரோம் அமைப்புக்குள்ளை கடைசி ஒரு மணித்தியால உலாவல் தரவை அழியுங்கோ. ஐபோனிலை சஃபாரி அமைப்புக்குள்ளை வரலாறும் இணையத்தளத் தரவும் அழிக்கிற இடம் இருக்கு.

வலப்பக்கக் கீழ் மூலையிலை "வைரஸ் காவல் காலாவதி" எண்டு சின்னச் சின்னதா வந்துகொண்டே இருந்தால் அது வேற சாமான். எங்கையோ ஒரு தளத்திலை "நீங்கள் ரோபோ இல்லையெண்டால் அலோ அமத்துங்கோ" எண்டு கேட்டிருக்கும், அமத்தியிருப்பியள். குரோமிலை அமைப்பு, தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்பு, அறிவிப்புகள். அங்கை அனுமதிச்ச தளங்களின்ரை பட்டியல் இருக்கும். பேர் தெரியாததெல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ. அதோடை சரி, ஸ்கான் ஒண்டும் தேவையில்லை.

#5 கட்டளைவரி

ரெண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். அழைப்பவர் காட்டுவது எல்லாமே எல்லா வின்டோஸிலும் இருப்பவை. உங்கள் கணினியில் உள்ளதைத்தான் காட்டுகிறார், பொய் சொல்வது அதன் பொருளில்.

முதல் கட்டளை அநேகமாக ஒன்றுதான். விசைப்பலகையின் இடது கீழ்ப்பக்கத்தில் கன்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வின்டோஸ் விசை. அதோடு ஆர். திறக்கும் சின்னப் பெட்டியில் ஈவென்ற் வியூவரைத் திறக்கும் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லித் தட்ட வைப்பார்கள். உள்ளே நிர்வாக நிகழ்வுகள் என்ற பகுதியில் சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் வரி நிற்கும். கடையில் இருந்து அன்றைக்கு வாங்கி வந்த லப்டொப்பிலும் சில நாட்களில் நிற்கும். ஒரு சேவை தொடங்க இரண்டு செக்கன் பிந்தினாலே அங்கே ஒரு வரி விழும். டிஸ்ரிபியூட்டட்கொம் 10016 என்ற வரியை மட்டும் பத்துப் பதினைந்து தரம் காண்பீர்கள், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று மைக்ரோசொவ்ற்றே எழுதி வைத்திருக்கிறது. "அழிக்கப் பாருங்கள், அழியாது" என்பார்கள். தனித்தனி வரியை அழிக்கும் வசதியே அதில் இல்லை.

அடுத்தது நெற்ஸ்ராற், கணினியின் இணைய இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை. "ஃபொறின் அட்ரஸ்" என்ற தலைப்பைக் காட்டி, வெளிநாட்டவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பார்கள். அங்கே ஃபொறின் என்றால் மறுமுனை, அவ்வளவுதான். திறந்திருக்கும் ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும், வட்ஸ்அப்புக்கும், வின்டோஸ் அப்டேற்றுக்கும் ஒரு வரி வரும். அழைப்பவர் ஏற்கனவே எனிடெஸ்க்கில் இருந்தால் அவருடைய இணைப்பும் அந்தப் பட்டியலில்தான் நிற்கும்.

ட்ரீ கட்டளை இன்னும் நாடகமானது. கறுப்புத் திரையில் கோப்புறைப் பெயர்கள் வெள்ளமாக ஓடும். ஸ்கான் நடக்கிறது என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தில் இருந்து "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் தட்டுவார்கள். தட்டியது ஓட்டம் முடிந்ததும் கடைசி வரியாக வந்து நிற்கும். கவனித்துப் பார்த்தால் அது கட்டளை தட்டும் இடத்தில், கோப்புறை முகவரிக்கும் அம்புக்குறிக்கும் பிறகு இருக்கும். கணினி சொன்ன வரி அங்கே வராது, ஆள் தட்டிய வரிதான் வரும்.

#6 கொக்குவில் ரீச்சர்

எல்லாம் சரி, ஆனா கொம்பியூட்டரின்ரை தனி அடையாள இலக்கத்தை அவங்கள் முன்கூட்டியே வாசிச்சுக் காட்டுறாங்கள் எண்டு சொல்லுறவையே. அது எப்பிடித் தெரியும்?

#7 கட்டளைவரி

தெரியாது. அசொக் என்ற கட்டளையை ஓட விட்டால் கோப்பு வகைகளின் பட்டியல் வரும், கடைசிப் பக்கமாக ஒரு நீண்ட இலக்கம் 888 என்று தொடங்கும். அதைத்தான் "உங்கள் கணினியின் அடையாளம், எங்கள் பதிவேட்டிலும் இதுதான்" என்று வாசிப்பார்கள். அது கோப்புகளைச் சுருக்கி அனுப்பும் சிப் வசதிக்கு வின்டோஸ் வைத்த உள் அடையாளம். உலகத்தில் உள்ள எல்லா வின்டோஸிலும் அதே எழுத்து, அதே இலக்கம். பக்கத்து வீட்டுக் கணினியில் ஓட விட்டுப் பார்த்தாலே போதும்.

#8 நல்லூர் ரிப்பெயர்

கட்டளைவரி சொன்னதோடை ஒண்டு சேக்கோணும். இப்ப கோல் இல்லாமலும் அதே வின்டோஸ் + ஆர் வருது. "நீங்கள் மனிதர் என்று உறுதிப்படுத்துங்கள்" எண்டு ஒரு பக்கம். டிக் போட்டால் மூண்டு படி சொல்லும்: வின்டோஸ் + ஆர், கன்ட்ரோல் + வீ, என்ரர். டிக் போட்ட நேரமே பக்கம் ஒரு பவர்ஷெல் கட்டளையைக் கிளிப்போர்ட்டிலை வைச்சிட்டுது. நீங்களே ஒட்டி நீங்களே ஓட விடுறியள். ரிமோட் ஒண்டும் தேவையில்லை, உலாவியிலை சேமிச்ச பாஸ்வேர்ட் முழுக்கப் போகும். உண்மையான மனிதச் சோதினை உலாவியை விட்டு வெளியிலை போகச் சொல்லாது.

பழைய கட்டுரையளிலை "சிஸ்கீ போட்டுப் பூட்டிப்போடுவாங்கள்" எண்டு இருக்கும். சிஸ்கீ எண்டால் வின்டோஸ் தொடங்கேக்கையே கடவுச்சொல் கேக்க வைக்கிற பழைய வசதி. வின்டோஸ் 10இன்ரை 1709 பதிப்பிலை, அதாவது 2017இலையே, அதை எடுத்தாச்சு. வின்டோஸ் 7 வைச்சிருக்கிற கடையள், பழைய ரியூஷன் நிலையங்கள் மட்டும் கவனியுங்கோ.

#9 ஸ்காபரோ மருமகள்

வெளிநாட்டிலை இருக்கிற வயசு போன ஆக்களுக்கு வாறதைப் பற்றியும் எழுதோணும். ஏனெண்டால் அவை முதலிலை கேக்கிறது ஊரிலை இருக்கிற பெறாமக்களைத்தான். ரொறொன்ரோவிலை கோடைகால மத்தியானம் 12 மணிக்குக் கோல் வந்தால் யாழ்ப்பாணத்திலை இரவு 9.30.

அங்கை கூடுதலா ஓடுறது காசு திருப்பித் தாற கதை. "உங்கடை வைரஸ் காவல் சந்தா 399 டொலருக்குப் புதுப்பிக்கப்பட்டுது, வேண்டாமெண்டால் இந்த இலக்கத்துக்கு எடுங்கோ" எண்டு ஒரு மின்னஞ்சல், ஒரு பில். எடுத்தால் திருப்பித் தாறதுக்கு எண்டு ரிமோட்டிலை வருவாங்கள். வங்கிப் பக்கத்தை உங்களைக் கொண்டே திறப்பிப்பாங்கள். பேந்து திரை கொஞ்ச நேரம் கறுப்பாகும். அந்த நேரத்திலை ரெண்டிலை ஒண்டு நடக்கும். உங்கடை சேமிப்புக் கணக்கிலை இருந்து நடைமுறைக் கணக்குக்கு உங்கடை காசையே மாத்துவாங்கள். இல்லாட்டி எஃப்12 அமத்திப் பக்கத்திலை தெரியிற இலக்கத்தை மாத்தி எழுதுவாங்கள். 400 வரவேண்டிய இடத்திலை 4,000 நிக்கும். "ஐயோ அம்மா, ஒரு சைபர் கூடப் போட்டிட்டன், என்ரை வேலை போகப்போகுது, மிச்சத்தைத் திருப்பித் தாங்கோ" எண்டு அழுவான். திருப்பிக் குடுக்கிறது கிஃப்ற் காட்டிலை, இல்லாட்டி காசைப் புத்தகத்துக்குள்ளை வைச்சுப் பார்சலிலை.

கண்டுபிடிக்க லேசான வழி: வங்கிப் பக்கத்தை ஒருக்கா ரிஃப்ரெஷ் பண்ணுங்கோ, எஃப்5. எழுதி மாத்தின இலக்கம் பறந்திடும். கணக்குக்குக் கணக்கு மாத்தினதெண்டால் அப்பவும் நிக்கும், அதுக்குச் சேமிப்புக் கணக்கு மிச்சத்தையும் சேத்துக் கூட்டிப் பாக்கோணும். எதெண்டாலும் இதைப் பாக்கிறது போன் வழி வங்கியோடை கதைச்சு, இல்லாட்டி வேற கருவியிலை. அவன் நிக்கிற திரையிலை இல்லை.

இப்ப மூண்டு பேரா வருகினம். முதல் ஆள் ரெக்னிக்கல் சப்போர்ட், ரெண்டாவது ஆள் "உங்கடை வங்கியின்ரை மோசடிப் பிரிவு", மூண்டாவது ஆள் அரசாங்க உத்தியோகத்தர். ஒருத்தர் சொன்னதை மற்றவர் உறுதிப்படுத்துவினம், கடைசியிலை "பாதுகாப்பான கணக்குக்கு" காசை மாத்தச் சொல்லுவினம். எஃப்பிஐ 2023இலை இதுக்கு மாய ஊடுருவி எண்ட மாதிரிப் பேர் வைச்சு எச்சரிச்சது. அவையின்ரை ஆண்டறிக்கையிலை ரெக் சப்போர்ட் மோசடியாலை முறையிடப்பட்ட நட்டம் 2023இலை 92 கோடி டொலருக்கு மேலை, 2024இலை 146 கோடி.

#10 காசுக்கணக்கு

கனடாக் கதை சரி. இங்கை ஆங்கிலத்திலை மைக்ரோசொவ்ற் கோல் குறைவு. இங்கை அதே மோசடி தமிழிலை, சிங்களத்திலை, வட்ஸ்அப்பிலை வரும். "வங்கிச் செயலி அப்டேற் பண்ணேல்லை, இரவு 12 மணியோடை நிண்டிடும்" எண்டு தொடங்கும். இல்லாட்டி "உங்கடை சிம்மை 5ஜீக்கு மாத்தித் தாறம்". மூண்டு உருப்படி பாத்துக்கொள்ளுங்கோ.

ஒண்டு, திரைப் பகிர்வு. வட்ஸ்அப் வீடியோக் கோலிலை திரையைக் காட்டுற வசதி 2023 ஓகஸ்ட்டிலை வந்தது. "எங்கை பிழைக்குதெண்டு பாப்பம், அந்தப் பொத்தானை அமத்துங்கோ" எண்டுவாங்கள். ஓடிபியை நீங்கள் வாயாலை சொல்லத் தேவையில்லை. குறுஞ்செய்தி மேலை எட்டிப் பாத்தாலே அவன் வாசிச்சிடுவான். "ஓடிபியை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ" எண்டு வங்கியள் சொல்லிச் சொல்லி, சொல்லாமலே குடுக்கிற வழியை அவங்கள் எடுத்திட்டாங்கள்.

ரெண்டு, ஏபிகே கோப்பு. பிளே ஸ்ரோருக்கு வெளியிலை இருந்து செயலி நிறுவச் சொன்னால் அதிலையே முடிக்கலாம். நிறுவினாப் பிறகு அணுகல்தன்மை அனுமதி, அதாவது அக்சசிபிலிற்றி, கேக்குதெண்டால் திரையிலை தெரியிற எல்லாத்தையும் வாசிக்கவும் உங்களுக்குப் பதிலா அமத்தவும் கேக்குது எண்டு அர்த்தம்.

மூண்டு, நட்சத்திரம் போட்ட இலக்கம். "சேவையை உறுதிப்படுத்த **67* அடிச்சு இந்த இலக்கத்தைப் போட்டு # அடியுங்கோ" எண்டுவாங்கள். 67 எண்டால் லைன் பிசியா இருக்கேக்கை வாற கோலை வேற இலக்கத்துக்குத் திருப்புறது. பேந்து உங்களோடை கதைச்சுக்கொண்டே நிப்பான், அப்ப உங்கடை லைன் பிசி. அந்த நேரம் உங்கடை இலக்கத்திலை வட்ஸ்அப்பைத் தன்ரை போனிலை பதிஞ்சு, ஆறு இலக்கக் குறியீட்டைக் கோலாலை சொல்லு எண்டு கேப்பான். வட்ஸ்அப்பின்ரை கோல் உங்களுக்கு வராது, அவனுக்குப் போகும். பத்து நிமிசத்திலை உங்கடை பேராலை ஊர் முழுக்கக் "கொஞ்சக் காசு அவசரமாத் தேவை" எண்டு போகும். இதை மறிக்கிறது வட்ஸ்அப்பின்ரை இரு படி உறுதிப்படுத்தல்: அமைப்பு, கணக்கு, அங்கை உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஆறு இலக்கப் பின். இப்பவே போடுங்கோ, ஒரு நிமிச வேலை.

#11 சுன்னாகத்தான்

அப்ப எனிடெஸ்க், ரீம்வியூவர் ஒண்டையும் வீட்டிலை வைக்கக் கூடாது எண்டு சொல்லலாமோ?

#12 நல்லூர் ரிப்பெயர்

சொல்லலாம். அழிச்சு விடுங்கோ. தேவைக்குத் திரும்பப் போட அஞ்சு நிமிசம்.

#13 கட்டளைவரி

நான் உடன்படவில்லை. இங்கே பாதிப் பேர் அம்மா அப்பாவின் கணினியை வெளிநாட்டில் இருந்து இதால்தான் பார்க்கிறார்கள். செயலி குற்றவாளி இல்லை. அழித்தாலும் பயனில்லை, ஏனென்றால் இதே வேலையைச் செய்யும் மைக்ரோசொவ்ற்றின் குவிக் அசிஸ்ட் வின்டோஸ் 10, 11 இரண்டிலும் அநேகமாகக் கூடவே வருகிறது. கன்ட்ரோல், வின்டோஸ், கியூ அமத்தினால் திறக்கும்.

ஆர் தொடங்கினது என்று பாருங்கள். நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஆளுக்கு எடுத்துக் கேட்டால் உதவி. அவர்களாக எடுத்தால், அல்லது கூகுளில் "பிரின்ரர் உதவி இலக்கம்" என்று தேடி மேலே வந்த விளம்பரத்தில் இருந்து நீங்கள் எடுத்தால், இரண்டும் ஒன்றுதான். விளம்பர இலக்கத்துக்கு நீங்களே எடுப்பதால் பயம் வராது, அதனால்தான் அது கூடுதலாகப் பலிக்கிறது. இலக்கம் வேண்டுமென்றால் பெட்டியில் அச்சடித்தது, உத்தரவாதக் காட், வங்கி அட்டையின் பின்பக்கம்.

வைத்திருப்பவர்கள் எனிடெஸ்க்கை நிறுவாமல் ஓட விடுங்கள். பதிவிறக்கிய கோப்பை நேரே திறந்தால் நிறுவாமலே வேலை செய்யும், மூடினால் போய்விடும். நிறுவினால் கணினி தொடங்கும்போதே பின்னால் சேவையாக ஓடும். பாதுகாப்பு அமைப்பில் ஆளில்லாமல் நுழையும் கடவுச்சொல் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மோசடிக்காரர் முதல் ஐந்து நிமிடத்தில் செய்வது அதைத்தான், பிறகு இரவில் நீங்கள் படுத்த பிறகு வரலாம். ஏற்கும் பெட்டி வரும்போது விசைப்பலகை, கிளிப்போர்ட், கோப்பு என்று தனித்தனி அனுமதி இருக்கும். பார்க்க மட்டும் விடலாம்.

#14 நல்லூர் ரிப்பெயர்

விளம்பர இலக்கக் கதை சரி, அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா தனிய இருக்கிற 75 வயசு ஆளுக்கு "அனுமதியைத் தனித்தனியாப் பாருங்கோ" எண்டு சொல்லிப் பிரயோசனமில்லை. அவையின்ரை லப்டொப்பிலை நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கு ஒண்டு போட்டு, நிர்வாகி கடவுச்சொல்லைப் பிள்ளையள் வைச்சிருக்கிறதுதான் நடைமுறை. நிறுவப் போனால் கடவுச்சொல் கேக்கும், அங்கை நிண்டிடும். நிறுவாமல் ஓடுறதை இது மறிக்காது, ஆனா சேவையாப் பதியிறதை மறிக்கும்.

#15 விசைப்பலகை

மூண்டாவது கேள்வி, இலக்கத்தைக் குடுத்தாப் பிறகு. ஒழுங்கு முக்கியம், அதாலை ஒழுங்காவே எழுதுறன்.

முதலிலை நெற்றை அறுங்கோ. எலியைப் பிடிச்சுச் சண்டை போடாதையுங்கோ, அவனும் இழுப்பான். ரவுட்டரின்ரை வயரைப் புடுங்குங்கோ. போன் ஹொட்ஸ்பொட் எண்டால் போனிலை டேற்றாவை நூருங்கோ. கோலை வைச்சிடுங்கோ, விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது வங்கி, வேற போனிலை இருந்து, அட்டையின்ரை பின்பக்கத்து இலக்கத்துக்கு. இங்கை வங்கிக்கு வங்கி காசு சீஇஎஃப்ரிஎஸ் எண்ட வங்கிகளுக்கு இடையிலான பரிமாற்ற முறை வழியா உடனுக்குடனை போயிடும். விடிய வங்கி திறக்கட்டும் எண்டு இருக்கிறது பிழை, அட்டைப் பிரிவு இரவிலையும் எடுக்கும். அட்டை மறிக்கிறது மட்டும் காணாது, இணைய வங்கிப் பயனர் கணக்கையும் பூட்டச் சொல்லுங்கோ. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கோ.

பேந்து மின்னஞ்சல். வங்கிப் பாஸ்வேர்ட்டை மாத்துறதுக்கு முன்னம் மின்னஞ்சல் பாஸ்வேர்ட், அதுவும் வேற கருவியிலை. மின்னஞ்சல் அவன்ரை கையிலை இருந்தால் மற்றதெல்லாத்தையும் அவன் திரும்ப மாத்தலாம். ஜிமெயில் எண்டால் மாத்தினாப் பிறகு ஃபோர்வேர்டிங்கும் ஃபில்ரரும் பாருங்கோ. வங்கியிலை இருந்து வாறதை நேரே குப்பைக்கு அனுப்பிற ஃபில்ரர் ஒண்டு போட்டு வைச்சிருந்தால் உங்களுக்கு எச்சரிக்கையே வராது. "உங்கள் சாதனங்கள்" பட்டியலிலை தெரியாததை வெளியேத்துங்கோ. குரோமிலை சேமிச்ச பாஸ்வேர்ட் எல்லாம் போயிட்டுது எண்டே வையுங்கோ.

இதெல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் கொம்பியூட்டர். அழிக்கிறதுக்கு முன்னம் ஆதாரத்தை எடுங்கோ, இதைக் கனபேர் விடுகினம். எனிடெஸ்க் வந்த இணைப்புகளை "கனெக்ஷன் ட்ரேஸ்" எண்ட பேரிலை ஒரு எழுத்துக் கோப்பிலை பதியும். நிறுவியிருந்தால் புரோகிராம்டேற்றா கோப்புறைக்குள்ளை, நிறுவாட்டி அப்டேற்றாவுக்குள்ளை. அதிலை நேரமும் வந்தவன்ரை எனிடெஸ்க் இலக்கமும் இருக்கும். ரீம்வியூவரிலை "கனெக்ஷன்ஸ் இன்கமிங்" எண்ட கோப்பு. ரெண்டையும் யூஎஸ்பியிலை பிரதி எடுத்துப்போட்டு, அதுக்குப் பிறகு நீக்குங்கோ.

#16 கொக்குவில் ரீச்சர்

ஃபோர்மற் அடிக்கத்தான் வேணுமோ? கடையிலை எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவினம்.

#17 நல்லூர் ரிப்பெயர்

சிவப்புத் திரை மட்டும் வந்ததெண்டால் தேவையில்லை, அதுக்கு ஃபோர்மற் அடிச்சுக் காசு வாங்கிறது அநியாயம். ரிமோட்டிலை உள்ளுக்கு வந்து, கோப்பு ஏதும் இறக்கினதெண்டால் அடியுங்கோ. இடையிலை இருக்கிறவை டிஃபெண்டர் ஓஃப்லைன் ஸ்கான் ஓட விடலாம், வின்டோஸ் தொடங்க முன்னமே ஓடுறதாலை ஒளிச்சிருக்கிறது அகப்படும், 15 நிமிசம் அளவிலை முடியும். ஆனா ஒண்டு விளங்கோணும்: எனிடெஸ்க் சட்டபூர்வமான மென்பொருள். ஸ்கான் அதை வைரஸ் எண்டு சொல்லாது. "ஸ்கான் சுத்தம்" எண்டு வந்தால் ஆள் போயிட்டான் எண்டு அர்த்தமில்லை. நிறுவின செயலியளைத் திகதி வாரியா அடுக்கி, அண்டைக்கு ஏறினது எல்லாத்தையும் பாருங்கோ. ஸ்கிரீன்கனெக்ட், அல்ட்ராவியூவர், சுப்ரிமோ எண்டு ரெண்டாவது ரிமோட் செயலி ஒண்டை ஒளிச்சு வைக்கிறது வழமை.

அடிக்கிறதெண்டால் வேற கொம்பியூட்டரிலை 8 ஜீபி யூஎஸ்பியிலை வின்டோஸ் செய்து அடியுங்கோ. முன்னம் பிற்லொக்கர் (வின்டோஸின்ரை வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியை எடுத்து வையுங்கோ. படம், ஆவணம் மட்டும் பிரதி எடுங்கோ, இயக்கக் கோப்புகளை எடுக்காதையுங்கோ.

#18 காசுக்கணக்கு

முறைப்பாடு எங்கை எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழு, சேர்ட், 101. வங்கி ஒழுங்காப் பதில் தராட்டி மத்திய வங்கியின்ரை நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களம், 1935. குற்றத்துக்குப் பொலிஸ் நிலையம், அங்கையிருந்து சீஐடியின்ரை கணினிக் குற்றப் பிரிவுக்குப் போகலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்திலை அனுமதியில்லாமல் நுழையிறதே குற்றம், காசு போயிருக்கோணும் எண்டில்லை. தமிழிலையே எழுதிக் குடுக்கலாம். நேரம், இலக்கம், காசு போன கணக்கு, விசைப்பலகை சொன்ன அந்தக் கோப்பு.

கனடா எண்டால் மோசடித் தடுப்பு மையம் 1-888-495-8501, அங்கை இருக்கிற ஆள்தான் எடுக்கோணும், இங்கையிருந்து அந்த வகை இலக்கம் எடுபடும் எண்டு நம்பாதையுங்கோ. பிரித்தானியாவிலை 159 அடிச்சால் உங்கடை வங்கிக்கே போகும். அங்கை 2024 ஒக்டோபர் 7க்குப் பிறகு ஏமாந்து நீங்களே அனுப்பின உள்நாட்டு வங்கிப் பரிமாற்றத்துக்கு 85,000 பவுண் வரைக்கும் வங்கி திருப்பித் தர விதி இருக்கு. கிஃப்ற் காட்டுக்கும் கிரிப்டோவுக்கும் அது இல்லை.

#19 மட்டறுத்துநர்

"இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வட்ஸ்அப் இலக்கத்துடன் இந்த இழையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். முதலில் "பதிவுக் கட்டணம்" கேட்பவர்கள் இவர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை ஒருவரிடம் இருந்து ஒருவர் வாங்கித்தான் எடுக்கிறார்கள். தனிச்செய்தியில் வந்தாலும் பதில் போடாமல் எனக்கு அனுப்புங்கள்.

#20 கொக்குவில் ரீச்சர்

காசுக்கணக்கு சொன்ன கோல் திருப்பல் என்ரை போனிலை இருக்கோ எண்டு *#21# அடிச்சுப் பாத்தால் ஒண்டும் திருப்பப்படேல்லை எண்டு வருது. *#62# அடிக்க மட்டும் தெரியாத இலக்கம் ஒண்டு காட்டுது. பயப்பிடோணுமோ?

#21 காசுக்கணக்கு

அவசரப்பட வேண்டாம் ரீச்சர். 62 எண்டால் போன் நூந்திருக்கேக்கை, இல்லாட்டி சிக்னல் இல்லாத நேரம் திருப்புறது. மிஸ்ட் கோல் அறிவிப்பு, குரலஞ்சல் சேவையள் பொதுவா இதாலைதான் வேலை செய்யும், அப்ப அங்கை கம்பனியின்ரை இலக்கமே நிக்கும். உங்கடை கம்பனியின்ரை உதவி இலக்கத்துக்கு எடுத்து அது தங்கடையோ எண்டு கேளுங்கோ. சாதாரண 07 கைபேசி இலக்கமா இருந்து, அவை இல்லையெண்டால் ##002# அடியுங்கோ, எல்லாத் திருப்பலும் போயிடும். மிஸ்ட் கோல் அறிவிப்பும் சேந்து போகலாம், அதைப் பேந்து திரும்பப் போட்டுத் தரச் சொல்லலாம். *#67#ஐயும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ.